ரிவர்ஸ் எடுத்த பறக்கும் தட்டு

அத்தியாயம் 6

பத்து முட்டாள்களை விசாரித்து முடித்தபோது துப்பறியும் நிபுணர் வளவனுக்குத் தலை வலித்தது. பத்துப் பேரும் ஒரே வாசகத்தை ஒப்பித்தார்கள். வானத்திலிருந்து நீல வெளிச்சம் இறங்கியது. சத்தமே இல்லை. வாழைத் தோப்புக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி மின்னியது. ராமரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் இந்த அக்கறையோடு படித்திருந்தால் பத்துப் பேரும் கலெக்டர் ஆகியிருப்பார்கள்.

"அத்தனை கோடி மைல் தாண்டி வந்தவங்க, தொட்டியத்துல எறங்கி, ஒரு வாழை விவசாயியத் தூக்கிட்டுப் போயிருக்காங்க சார்" என்றாள் அவருடைய உதவியாளர் ஷஹனாஸ். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "மேல பூவன் பழத்துக்கு ரொம்பத் தட்டுப்பாடு போல."

"சிரிக்காத. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ராமர் காணாமல் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. மார்கழிப் பனி மூடிய ஒரு விடியற்காலையில் ஊர்க்காரர்கள் பதினொரு பேரோடு காவிரிக்கரைத் தோப்புக்குப் போனவர் திரும்பவில்லை. போனவர்கள் எல்லாரும் விண்ணொளிச் சபை என்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். சபையை நடத்துகிறவர் ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் பீமராவ். லிஃப்ட் கம்பெனியில் இஞ்ஜினியராக இருந்து ஆயுசு பூராவும் ஜனங்களை மேலே ஏற்றிக் கீழே இறக்கியவர். ரிடையரான பிறகு மேலே ஏற்றுவதோடு நிறுத்திக்கொண்டார்.

வானத்திலிருந்து வெளிச்சம் வரும், தகுதியானவர்களை அழைத்துப் போகும் என்பது அவர் போதனை. அதற்காகக் காத்திருக்கும்போது உடம்பில் உலோகம் கூடாது. மோதிரம், அரைஞாண், முக்கியமாக செல்போன், எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட வேண்டும். தோப்பில் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் தனித்தனியாக உட்கார வேண்டும். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்தவன் சபைக்கு ஆகாதவன். விவரம் தெரிந்த மனிதர்கள், சொந்த நிலத்தில் வாழை போட்டுப் பிழைப்பவர்கள், இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள் என்பதுதான் வளவனால் தாங்க முடியாத விஷயம்.

போலீசுக்கு யாரும் போகவில்லை. போனால் வெளிச்சம் கோபித்துக்கொள்ளுமாம். ராமரின் மனைவி வள்ளிக்கண்ணு மட்டும், கணவனின் அண்ணன் ராசப்பனுக்குத் தெரியாமல் பஸ் ஏறி, புத்தூரில் மருந்துக்கடை மாடியிலிருக்கும் வளவனின் ஆபீசுக்கு வந்தாள்.

"எல்லாரும் அவரு மேல போயிட்டாருங்கிறாங்க சார். எனக்கென்னமோ அவரு கீழதான் எங்கயோ கெடக்காருன்னு தோணுது. தேடிக் குடுங்க."

அந்த ஊரில் புத்தியோடு பேசிய ஒரே ஆள் அவள்தான். இன்று அவள் வாயையும் அடைக்கப் போகிறார்கள். சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் ராமருக்கு வழியனுப்பு விழா. அவருடைய சட்டை வேட்டியைக் கொள்ளிடத்தில் விட்டு, இனி அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவரைத் தேட மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் அவள் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் ராமரைத் தேட உலகத்தில் ஒருத்தரும் இல்லை.

அதற்குள் ஏதாவது கிடைக்குமா என்றுதான் வளவனும் ஷஹனாஸும் காலையிலேயே காரில் தொட்டியம் வந்திருந்தார்கள். அதிசயங்களைப் பற்றி எழுதும் பத்திரிகைக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அடையாள அட்டையைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. வானத்திலிருந்து ஆள் வந்ததை நம்பியவர்களுக்குத் திருச்சியிலிருந்து நிருபர் வந்ததை நம்புவது பெரிய காரியமா?

பதினோராவது சாட்சி பிச்சைமுத்து. ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பழக்கமுள்ள விவசாயி. அவர் வந்து உட்கார்ந்ததுமே டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நீல வெளிச்சம்தாங்க" என்று ஆரம்பித்தார்.

"நீலம் மட்டும்தானா?"

பிச்சைமுத்து சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொத நாளு நான் செவப்பும் நீலமும் மாத்தி மாத்தி வந்துச்சுன்னுதாங்க சொன்னேன். விண்ணவங்களுக்குச் செவப்பே கெடையாதுன்னு ராவ் ஐயா சொல்லிட்டாரு. அப்புறம் எனக்கும் நீலமாத்தான் தெரிஞ்சுச்சு."

"அப்புறம்னா? வெளிச்சம் மறுபடி வந்துச்சா?"

"வரலீங்க. யோசிச்சுப் பாத்தா நீலமாத் தெரிஞ்சுச்சு."

ஷஹனாஸுக்குப் பஜ்ஜி புரையேறியது. வளவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

"வந்த வழியேதாங்க போச்சு. ஆனா திரும்பல. பின்னாலயே போச்சு. மதகு வரைக்கும் அப்படியே பின்னாலயே போயி, அங்கதான் திரும்புச்சு. இதச் சொன்னா எல்லாரும் கேலி பண்றாங்க. நான் வெளிய சொல்றதில்ல."

வளவனும் கேலிதான் பண்ணினார். நன்றி சொல்லி அவரை அனுப்பிவிட்டு, "பறக்கும் தட்டு ரிவர்ஸ் எடுத்துச்சாம்" என்றார். "இந்த ஊர்த் தண்ணியில என்னதான் கலந்திருக்கு?"

"பாவம் சார், வானத்துல திருப்ப எடமில்ல போல."

வளவன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இப்ப என்ன சொன்ன?"

"பாவம்னேன். வேணாம்னா வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எந்திரி. கரைக்குப் போவோம்."

தோப்புக்கரைப் பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். ஒரு பக்கம் வாழை, மறு பக்கம் வாய்க்கால். கொஞ்ச தூரத்தில் மதகு. அந்த இடத்தில் மட்டும் பாதை அகலமாகி, வண்டி திருப்ப வசதியாக இருந்தது. மதகின் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு விளம்பரம்: 'இருபத்து நாலு மணி நேர ஆம்புலன்ஸ்.' கீழே ஒரு செல் நம்பர்.

ஷஹனாஸ் அதை இரண்டு தடவை படித்தாள். "செவப்பும் நீலமும் மாத்தி மாத்தி."

"சத்தம் கெடையாது. ஆளே இல்லாத கரையில விடியக்காலைல எந்த டிரைவர் சைரன் போடுவான்? பனி, நடுவுல வாழை எலை. வெளிச்சம் வரும், வெளிச்சம் வரும்னு ஒருத்தன் மாசக்கணக்கா ஓதி வச்சிருக்கான். ஆம்புலன்ஸ் வந்தா அது தட்டாத்தான் தெரியும், ஆட்டோ வந்திருந்தாலும் தட்டாத்தான் தெரியும்." வளவன் விளம்பரத்தைத் தன் போனில் படம் எடுத்தார். "பத்துப் பேர் ஒரே மாதிரி சொன்னது பீமராவ் சொன்னது. பிச்சைமுத்து ஒருத்தர்தான் கண்ணால பாத்ததச் சொல்றாரு. அதுக்குத்தான் அவரக் கோமாளியாக்கி வச்சிருக்கானுங்க."

"எல்லாம் சரி சார். ஆம்புலன்ஸ்ல போன ஆளு ஆஸ்பத்திரிலல்ல இருக்கணும்? போன வாரந்தானே அவரு போட்டோவத் தூக்கிக்கிட்டு திருச்சி பூரா வார்டு வார்டா சுத்துனோம்?"

வளவனே உள்ளே போய் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்திருந்தார். போட்டோவில் ராமருக்கு அடர்த்தியான தலைமுடி, கன்னம் வரை பரந்த மீசை. அந்த மீசையை எந்தக் கட்டிலிலும் காணவில்லை.

ராமர் வீட்டு வாசலில் சபைக்காரர்களின் வேன் புறப்படத் தயாராக நின்றது. ராசப்பன் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டோடு வேன் படிக்குப் பக்கத்தில் நின்று ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டிக்கொண்டிருந்தார். ஏறுகிறவர்கள் போனை அணைத்து அதில் போட்டார்கள். தம்பி மேலே போன நாளிலிருந்து அவருக்குச் சபையில் தனி மரியாதை. காலையில் வளவனிடம் எல்லாரையும்விட நீளமாக வெளிச்சத்தை வர்ணித்ததும் அவர்தான்.

வள்ளிக்கண்ணு மூன்று வயது மகள் கனிஷ்காவை இடுப்பில் வைத்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ராசப்பன் காதுபட எதுவும் பேச முடியாது. ஊகத்தைச் சொல்லி அவளுக்கு வீண் ஆசை காட்டவும் வளவனுக்கு மனமில்லை. குழந்தையின் தலையைச் சும்மா தடவினார். உள்ளங்கையில் குறுகுறுவென்று குத்தியது.

"பாப்பாவுக்கு எப்பம்மா மொட்டை போட்டீங்க?"

"இப்பத்தாங்க. சமயபுரத்துல முடி எறக்கிக் காது குத்துனோம். அதுக்கடுத்த நாளுதான் அவரு..."

"பாப்பாவுக்கு மட்டுந்தானா?"

"அவருக்குந்தாங்க. இவ பொறந்தப்ப வேண்டிக்கிட்டது. அப்பாவும் மகளும் ஒண்ணாக் குடுத்தாங்க."

"மீசை?"

"மொட்டைன்னா மீசையும் சேத்துத்தானுங்களே."

"இத ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்று கிசுகிசுத்தார்.

அவள் புரியாமல் பார்த்தாள். சமயபுரத்துக்குப் போய் முடி கொடுப்பது அந்த வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது மாதிரி. அதை யார் தனியாகச் சொல்வார்கள்? "நீங்க கேக்கலீங்களே" என்றாள்.

"ஏறும்மா, நேரமாகுது" என்றார் ராசப்பன். அவள் போனும் கூடைக்குள் விழுந்தது. வேன் கிளம்பியது.

கார் முசிறியைத் தாண்டித் திருச்சிக்குப் பறந்தது. டோல்கேட் வந்தபோது வளவன், "ஒரு வார்த்தை பேசாத" என்றார். ஷஹனாஸ் அதுவரை ஒன்றுமே பேசியிருக்கவில்லை.

புத்தூர்ப் பக்கம் அவர்கள் முன்பு போய்வந்த ஆஸ்பத்திரி ஒன்றில், ஜன்னலோரக் கட்டிலில், பெயர் தெரியாத நோயாளி ஒருவர் படுத்திருந்தார். மண்டையில் தையல். முடி இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. தலையில் பட்ட அடியில் பேச்சு போய்விட்டது, மெதுவாகத் தேறிக்கொண்டிருக்கிறார், சொந்தக்காரர்கள் யாரென்று தெரியவில்லை என்றாள் நர்ஸ். போலீசுக்கு அன்றே தகவல் கொடுத்தாயிற்றாம். காணோம் என்று யாருமே புகார் கொடுக்காத ஆளைப் போலீஸ் யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்?

"சார்" என்றாள் ஷஹனாஸ், இந்தத் தடவை சிரிக்காமல். "போன வாரம் இந்தக் கட்டில்கிட்ட நீங்க நின்னீங்க."

"தெரியும்."

"இவருகிட்டயே இவரு போட்டோவக் காட்டி, இந்த ஆள எங்கயாவது பாத்திருக்கீங்களான்னு கேட்டீங்க."

"தெரியும்னு சொல்றேன்ல."

அன்று இந்த மனிதர் போட்டோவைப் பார்த்துக் கையை நீட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து வளவன் நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தேடிப் போனது மீசை. மீசை இல்லாத முகம் கண்ணெதிரில் கிடந்தும் தெரியவில்லை. காலையிலிருந்து அவர் முட்டாள், முட்டாள் என்று ஊர்க்காரர்களை வைத வசவெல்லாம் இப்போது ஒன்றாகத் திரும்பி வந்தது. வெட்கமாக இருந்தது.

ஷஹனாஸ் வேன் பக்கத்தில் தன் போனில் எடுத்திருந்த கனிஷ்காவின் படத்தை அந்த மனிதரிடம் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் கோணியது. "கனி" என்றார், மிகுந்த சிரமத்தோடு. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது.

மதகுச் சுவரிலிருந்த நம்பருக்குச் சொந்தக்காரர் நஸ்ருல்லா, ஆம்புலன்ஸ் டிரைவர். கூப்பிட்டதும் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஒரு ஆளு போன் பண்ணி, மதகுகிட்ட ஒருத்தரு விழுந்து மண்டை உடைஞ்சு கெடக்காருன்னாரு. பேரு கேட்டேன், வச்சிட்டாரு. பனில மதகத் தாண்டிப் போயிட்டு ரிவர்ஸ்லயே வந்து பாத்தா, இவரத் தவிர அங்க யாருமே இல்ல சார். இவரு தலையில வெள்ளைத் துண்டச் சுத்திக் கட்டிவிட்டிருந்துச்சு. தலைக்காயம்னு நேரா இங்க கொண்டாந்துட்டேன். சொந்தக்காரங்க யாருன்னு கேக்கலாம்னு அந்த நம்பருக்கு எத்தனையோ தடவ அடிச்சுப் பாத்தேன். கட் பண்ணிக்கிட்டே இருந்தாரு."

"நம்பர் இருக்கா?"

"மதகுன்னு போட்டு வச்சிருக்கேன்."

ஷஹனாஸ் நம்பரை வாங்கிக்கொண்டாள். "யாரு சார் இது? தோப்புக்குள்ள யாருக்குமே போன் கூடாதே."

"ஊருக்குக் கூடாது. சட்டம் போட்டவனுக்குக் கூடாதுன்னு யாரு சொன்னா?" வளவனுக்குப் பழைய கோபம் திரும்பியது. வெட்கத்தைவிட அது சுகமாக இருந்தது. "பீமராவும் அன்னிக்குத் தோப்புலதான் இருந்தான். லிஃப்ட்காரனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே ஒரு பொம்பளைய மூணு வாரமா அழவிட்டிருக்கான். ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து அவனக் கூப்பிட வேணாம். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல அவன் மடியிலேயே மணி அடிக்கட்டும்."

வள்ளிக்கண்ணுவின் போன் அணைந்தே கிடந்தது. கார் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தது.

கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில் வாடகை மண்டபம். கீழே ஜமக்காளத்தில் ஜனம். முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் மாலையோடு ராசப்பன். மேடையில் பீமராவ் மைக் முன்னால் கண்களை மூடிப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வள்ளிக்கண்ணு ஒரு தட்டில் கணவனின் சட்டையையும் வேட்டியையும் ஏந்தி நின்றாள். கனிஷ்கா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா" என்றார் பீமராவ். "இனி அவரைத் தேட மாட்டேன்னு மனசாரச் சொல்லு."

"சொல்லாதீங்கம்மா" என்றபடி வளவன் மேடை ஏறினார். "உங்க வீட்டுக்காரரு புத்தூர்ல ஆஸ்பத்திரில இருக்காரு. உயிரோட இருக்காரு. இப்பத்தான் பாத்துட்டு வரோம். பாப்பா படத்தக் காட்டினோம், கனின்னாரு."

வள்ளிக்கண்ணு தட்டோடு அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. இங்கே பீமராவ் அசந்து போவார் என்று வளவன் எதிர்பார்த்தார். அவர் மூச்சு விடும் நேரம்கூட அசரவில்லை.

"பார்த்தேளா!" என்று மைக்கில் கத்தினார். "சத்தியத்துக்கு முன்னாடியே வெளிச்சம் அவரைத் திருப்பி அனுப்பிடுத்து! நம்ம பக்திக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு பெண் ஓவென்று அழுதாள். வளவனுக்கு மைக்கைப் பிடுங்கி அவர் தலையில் ஒன்று போடலாம் போலிருந்தது.

"அது வெளிச்சம் இல்ல, ஆம்புலன்ஸ்" என்று கத்தினார். "அதக் கூப்பிட்ட ஆளு இங்கதான் இருக்காரு. போன் வச்சுக்கக் கூடாதுன்னு ஊருக்குச் சொல்லிட்டு, தான் வச்சிருக்காரு. ஷஹனாஸ், போடு."

ஷஹனாஸ் பொத்தானை அழுத்தினாள். வளவன் பீமராவின் இடுப்பையே முறைத்தார். ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மண்டபமே அதிரும்படி நாதஸ்வரம் ஒலித்தது.

அது மேடையிலிருந்து வரவில்லை. முன்வரிசை நாற்காலியிலிருந்து வந்தது. மாலைக்கு அடியில், வேட்டி மடிப்பில், ராசப்பனின் வயிற்றோரத்தில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே இருந்தது. கூடையை நீட்டி ஊர்க்காரர்களின் போனையெல்லாம் வாங்கியவர் தன்னுடையதைப் போட மறந்திருந்தார்.

ஒரே வழக்கில் இரண்டாவது தடவையாக வளவன் தப்பான முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாழைத்தார் ஏத்துற லாரிக்காரன் விடியக்காலைலதாங்க கூப்பிடுவான்" என்றார் ராசப்பன், யாரும் கேட்காமலே. போனை அணைக்க முயன்றார், விரல்கள் வழுக்கின. "போன் இல்லாம எப்படிங்க வாழை விக்கிறது? மடியில வச்சிருந்தேன். தம்பி மதகுலேர்ந்து விழுந்த சத்தம் கேட்டு நான்தான் ஓடுனேன். துண்டக் கட்டிவிட்டேன். செவுத்துல இருந்த நம்பருக்குப் பேசுனேன். எடத்தவிட்டு எந்திரிச்சது தெரிஞ்சா, போன் இருக்கிறது தெரிஞ்சா, சபையவிட்டு எடுத்துருவாங்களேன்னு திரும்பிப் போயி உக்காந்துட்டேன். வண்டி வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு. சொல்லிரலாம்னுதாங்க எந்திரிச்சேன். அதுக்குள்ள எல்லாரும் வெளிச்சம், வெளிச்சம்னு ஓடியாந்து, தம்பியக் காணோம்னதும் என் கால்ல விழுந்துட்டாங்க."

"விழுந்தா? தூக்கி நிறுத்திச் சொல்ல வேண்டியதுதானே?" என்றார் வளவன்.

"பத்துப் பேரு பாத்தோம் பாத்தோம்னு சத்தியம் பண்றாங்க. போகப் போக, நான் பாத்தது ஆம்புலன்ஸ்தானான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க."

"அந்த சந்தேகத்துலதான் டிரைவர் கூப்பிடக் கூப்பிட கட் பண்ணீங்களா?" என்றாள் ஷஹனாஸ். "மேலேர்ந்து வர்ற காலுன்னு பயந்துட்டீங்களோ?"

ராசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். வள்ளிக்கண்ணு மேடையிலிருந்து இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். கத்துவாள், மாலையைப் பிய்த்தெறிவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் நாற்காலியைப் பார்த்தாள்.

"உக்கார நல்லா இருந்துச்சா மாமா?" என்று கேட்டாள்.

பதிலுக்கு நிற்கவில்லை. தட்டை அவர் காலடியில் வைத்துவிட்டு, சட்டையையும் வேட்டியையும் மட்டும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது அவருக்கு மாத்திக்க வேணும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

காரில் ஏறும்போது மண்டபத்துக்குள் மைக் மறுபடி உயிர் பெற்றிருந்தது. வெளிச்சம் ஆம்புலன்ஸ் வடிவத்தில்கூட வரலாம் என்று பீமராவ் விளக்கிக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டது. வாசலில் பிச்சைமுத்து ஒருவரைப் பிடித்து நிறுத்தி, "மொத நாளே நான் செவப்புன்னு சொன்னேனா இல்லியா?" என்று கேட்டார். "சும்மா இருய்யா, நீலந்தான்" என்று அந்த ஆள் அவரை விலக்கிவிட்டு உள்ளே போனார்.

"சார், போயி இன்னொரு தடவ சொல்லிப் பாக்குறீங்களா?" என்றாள் ஷஹனாஸ்.

"வண்டிய எடு."

காவிரிப் பாலத்தில் போக்குவரத்து நெருக்கடி. பின் சீட்டில் கனிஷ்கா தூங்கிவிட்டாள். வள்ளிக்கண்ணு சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள்.

"இத்தன நாளா அவரு அங்க ஒத்தையா கெடந்தாரே" என்றாள். "எங்களப் பத்தி யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கவே இல்லியா சார்?"

ஷஹனாஸ் கண்ணாடியில் வளவனைப் பார்த்தாள். வளவன் வள்ளிக்கண்ணு பக்கம் திரும்பினார்.

"கேட்டாரும்மா" என்றார். "எங்கிட்டதான் கைய நீட்டிக் கேட்டாரு. எனக்குத்தான் புரியல."